துணைக்குப் போன இன்டர்வியூ

அந்த வேலை எனக்கு வேண்டியதே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் சாக்குச் சொல்வது மாதிரி இருக்கும்.

பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனி. அதில் டெலிபோன் போர்டின் முன்னால் உட்கார்ந்து, வருகிற அழைப்பைக் கேட்டு, உரிய ஆளுக்கு இணைப்புக் கொடுக்கிற வேலை. பெண்கள் மட்டும், இருபத்து மூன்று வயதுக்குள், எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், கல்யாணம் ஆகாதவர்கள், இங்கிலீஷ் தெளிவாகப் பேச வேண்டும் என்று பேப்பரில் விளம்பரம் வந்திருந்தது. பார்த்தவள் என் தங்கை. விளம்பரத்தைக் கத்தரித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு ஒரு வாரம் யாரிடமும் சொல்லாமல் இருந்தாள். பிறகு என்னிடம் காட்டினாள்.

"இதுல உக்காந்தே இருக்கலாம்க்கா. யாரும் நம்மளப் பாக்க மாட்டாங்க. கொரலு மட்டும் இருந்தாப் போதும்."

அவளுக்கு மூன்று வயதில் ஒரு காய்ச்சல் வந்து இடது கால் சூம்பிப் போயிருந்தது. முழங்காலில் கையை ஊன்றி ஊன்றித்தான் நடப்பாள். டீச்சர் டிரெயினிங்குக்கு எழுதிப் போட்டால் விளையாட்டுச் சொல்லிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். நர்ஸ் வேலையைப் பற்றிப் பேச்சே எடுக்க முடியாது. ஆனால் குரல் என்று ஒன்று இருந்தது அவளுக்கு. நாங்கள் கத்தோலிக்கர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவள் பாட ஆரம்பித்தால், வெளியே வேப்ப மரத்தடியில் பீடி குடித்துக்கொண்டிருக்கிற ஆண்பிள்ளைகள்கூட உள்ளே வந்து நிற்பார்கள். சாமியார் வைத்த பிரசங்கத்துக்கு அவர்கள் ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. பாப்பாரப்பட்டியிலிருந்து கொஞ்சம் தள்ளி எங்கள் வீடு. அப்பாவுக்கு நிலக்கடலைக் காடு. பாம்பு வந்தால்கூடப் பதறாத மனிதர், பெங்களூர் என்றதும் பதறிவிட்டார். "பொட்டப்புள்ளைய அவ்வளோ தூரம் தனியா அனுப்ப முடியாது" என்றார். கூட யாராவது போனால் சரி என்று அம்மா சமாதானம் செய்தாள். சும்மா கூடப் போகிறவர்களை கேட்டுக்குள்ளேயே விட மாட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். அதனால் நானும் ஒரு விண்ணப்பம் எழுதிப் போட்டேன். எனக்கு அவளைவிட ஒன்றேகால் வயது அதிகம், இரண்டு காலும் திடம், டீச்சர் டிரெயினிங்குக்கு இடமும் கிடைக்கிற மாதிரி இருந்தது. கேட்டுக்குள் நுழைவதற்கு ஒரு சீட்டு வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு பேருக்கும் கடிதம் வந்தது. இன்ன தேதியில் வாருங்கள், பேச்சுத் தேர்வு உண்டு, டெலிபோன் மூலமாகவே கேள்வி கேட்கப்படும் என்று இருந்தது. கையில் ஒரு மாதம் இருந்தது.

நாங்கள் தருமபுரியில் தமிழ் மீடியத்தில் படித்தவர்கள். இங்கிலீஷைக் கண்ணால் பார்த்திருக்கிறோம், கையால் எழுதியிருக்கிறோம். வாயால் தொட்டதில்லை. டெலிபோனையும் தொட்டதில்லை. தருமபுரி பஸ் ஸ்டாண்டு கடையில் இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்கிற புத்தகம் ஒன்று வாங்கி வந்தேன். வெள்ளைக்காரன் காலத்துப் புத்தகத்துக்குப் புது அட்டை போட்டிருந்தார்கள் என்பது வீட்டுக்கு வந்து பிரித்த பிறகுதான் தெரிந்தது. "சமையல்காரா, என் முட்டையை இன்னும் ஏன் வேக வைக்கவில்லை?" "வண்டிக்காரா, குதிரையைப் பூட்டு." இதை வைத்துக்கொண்டு டெலிபோன் கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனிடம் என்ன பேசுவது? தங்கை மட்டும் விடவில்லை. சோறு போடத் தாமதமானால் அம்மாவைப் பார்த்து, "குக், வொய் ஹேவ் யூ நாட் பாயில்ட் மை எக்?" என்பாள். அம்மா, "என்னான்னு திட்டறாடி என்னை?" என்று என்னிடம் கேட்பாள்.

புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நானே வாத்தியாராகிவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. எனக்கு அப்போது எல்லாம் தெரியும் என்ற நினைப்பு உண்டு. எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் அவளைவிட நாலு மார்க் கூட. அந்த நாலு மார்க்கை வைத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டத்தை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

டெலிபோனில் முகம் தெரியாது என்பதால் சுவரை நடுவில் வைத்துக்கொண்டோம். நான் மாட்டுக் கொட்டகையில், அவள் வீட்டுக்குள் ஜன்னலுக்குக் கீழே. மாடுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, "குட் மார்னிங், வாட் இஸ் யுவர் நேட்டிவ் பிளேஸ்?" என்று நான் கத்துவேன். அவள் உள்ளேயிருந்து பதில் சொல்லுவாள். "பக்கத்துல உக்காந்து பேசறதுக்கு என்னாடி வந்தது உங்களுக்கு?" என்று அம்மா சலித்துக்கொள்வாள். நம்பர் சொல்லிப் பழகினோம். டபுள் த்ரீ, டபுள் செவன். வீட்டை வூடு வூடு என்று பேசிப் பழகிய வாய்க்கு, மரத்துக்கு இங்கிலீஷில் சொல்கிற 'உட்' என்கிற வார்த்தை 'வுட்' என்று சரியாகவே வந்தது, அதில் மட்டும் எங்கள் ஊர் ஜெயித்தது என்று சொல்லிச் சிரித்துக்கொண்டோம்.

ஒரு சனிக்கிழமை அப்பா அவளை பாப்பாரப்பட்டிக்கு வண்டி கட்டிக் கூட்டிப்போனார். நானும் போனேன். அங்கே கடலை மண்டி வைத்திருந்த பாய் எங்கள் அப்பாவுக்குப் பழக்கம். மண்டியில் கறுப்பு டெலிபோன் ஒன்று இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் பாய் தன் நாற்காலியிலிருந்து எழுந்து, அதை அவளுக்கே இழுத்துப் போட்டார். "உக்காரும்மா. இதென்ன கடிக்கவா போகுது?" என்று சொல்லி சேலத்து மண்டிக்கு டிரங்க் கால் போட்டு, ரிசீவரை அவள் கையில் கொடுத்தார். அவள் அதை ஜெபமாலை பிடிக்கிற மாதிரி பிடித்தாள். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "ஹலோ, குட் மார்னிங். பாப்பாரப்பட்டி ஸ்பீக்கிங்" என்றாள். அந்தப் பக்கம் இருந்த கணக்குப்பிள்ளை, "யாருங்க, ரேடியோ ஸ்டேஷனுங்களா?" என்று கேட்டாராம். பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "இந்தப் புள்ளைக்கு வேலை குடுக்கலைன்னா அந்தக் கம்பெனிக்காரனுக்குக் காது செவுடுன்னு அர்த்தம்" என்றார். திரும்பி வரும்போது வண்டியில் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். என் தங்கையை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இனி நான் சொல்லிக்கொடுத்த பாடத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கம் பெரியவர்கள் ஏதாவது கேட்டால் எடுத்த எடுப்பில் 'இல்லீங்க' என்று சொல்ல மாட்டோம். எதிர்த்துப் பேசுகிற மாதிரி இருக்கும். மணியக்காரர் வந்து, "என்னாப்பா, இந்த வருசம் மழையே இல்லையா?" என்று கேட்டால் அப்பா, "ஆமாங்க, இல்லீங்க" என்பார். "புள்ளைங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகலையா?" என்றால், "ஆமாங்க, ஆகலீங்க" என்பார். முதலில் ஆமாங்க, அப்புறம்தான் மற்றது. இதைத்தான் நான் இங்கிலீஷில் சட்டமாக்கினேன். எந்தக் கேள்விக்கும் நோ என்று ஆரம்பிக்கக் கூடாது, எஸ் சார் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். கொட்டகையிலிருந்து நான், "யூ ஆர் நாட் மேரிட்?" என்பேன். அவள், "எஸ் சார், ஐ ஆம் நாட் மேரிட்" என்பாள். "வெரி குட்" என்பேன்.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. இன்டர்வியூவுக்குப் போகிற பஸ்ஸில், கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் வருவதற்கு முன்னால், அவள் கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் பதிலையும் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். நீளமான வாக்கியங்களில் திக்கித் திக்கிப் போவதைக் கேட்டு எனக்குப் பொறுக்கவில்லை. "இத பாரு, நீட்டி மொழக்காதே. எஸ் சார்னு நிறுத்திக்கோ. சுருக்கமாப் பேசினாத்தான் இங்கிலீஷ் தெரிஞ்ச மாதிரி இருக்கும்" என்றேன்.

"அது போதுமாக்கா?"

"போதும்."

இந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை வருஷம் அழுதிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

கம்பெனியில் பேச்சுத் தேர்வு மாடியில் இருந்தது. கீழே நின்ற வாட்ச்மேன் அவள் முழங்காலில் கை வைத்துப் படியேறுவதை மேலே போகும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் திரும்பி அவனை முறைத்தேன். மேலே ஒரு சின்ன அறையில் மேஜையும் டெலிபோனும் மட்டும் இருந்தன. கேள்வி கேட்கிறவர்கள் வேறு அறையில் இருந்தார்கள். அவர்கள் இவளைப் பார்க்கவே இல்லை, குரலை மட்டும்தான் கேட்டார்கள்.

நான் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு வழியாக அவள் பேசுவது கேட்டது, கேள்விகள் கேட்கவில்லை. "குட் மார்னிங் சார்" என்றாள். பெயர், ஊர், படிப்பு எல்லாம் மணி மணியாகச் சொன்னாள். நம்பர்களைத் திருப்பிச் சொன்னாள். பிறகு கொஞ்சம் இடைவெளி விட்டு, "எஸ் சார்." மறுபடி, "எஸ் சார்." மறுபடி, சிரிப்பும் கலந்து, "எஸ் சார்." அப்புறம் "தேங்க் யூ சார்." பெஞ்சில் பக்கத்தில் இருந்த கன்னடக்காரப் பெண் என்னைப் பார்த்து, நன்றாகப் பேசுகிறாள் என்கிற மாதிரி தலையாட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குத்தான் அந்த வேலை வேண்டாமே, பயமும் இல்லை. நான் போட்ட சட்டமெல்லாம் எனக்கே ஞாபகத்தில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை டியூட்டிக்கு ஆட்சேபணை இல்லையே என்கிற மாதிரி இங்கிலீஷில் ஏதோ கேட்டார்கள். "நோ அப்ஜெக்ஷன் சார்" என்றேன். கேட்டவர் சொன்ன கடைசி வார்த்தையையே எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன். 'பஸ் வல்லையா?' என்றால் 'வல்லைங்க' என்று சொல்கிற அதே சோம்பேறித்தனம். இன்னும் இரண்டு கேள்விக்கும் அப்படியே சொல்லிவிட்டு வந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் காபி குடிக்கும்போது, "என்னா கேட்டாங்க, சொல்லு" என்றேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நடித்தே காட்டினாள். "ஞாயித்துக்கெழமை வேலைக்கு வர்றதுக்கு ஆட்சேபணை இல்லையேன்னு கேட்டாருக்கா. எஸ் சார்னேன். இப்பத்திக்குக் கல்யாணம் ஒண்ணும் ஆகப் போறதில்லையேன்னு கேட்டாரு. எஸ் சார்னேன். வூட்ட வுட்டுட்டு வந்து இருக்கறது உனக்குக் கஷ்டமா இருக்காதேன்னு கேட்டாரு. நல்லாச் சிரிச்சிக்கிட்டே எஸ் சார்னுட்டேன். ஒரு எடத்துல கூட நோ சொல்லலை."

"சபாஷ்" என்றேன்.

தமிழில் அவள் சொன்னபோது எல்லாமே சரியாகத்தான் இருந்தது. எங்கே தப்பு என்று எந்தத் தமிழ்க் காதுக்கும் கேட்டிருக்காது. இதைச் சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. நடந்தது அப்படித்தான்.

மூன்று வாரம் கழித்து தபால்காரர் ஒரு கவர் கொண்டுவந்தார். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓட்டமாக வாசலுக்குப் போய் வாங்கினாள். மேலே இருந்தது என் பேர். "உனக்கு வந்திருச்சுக்கா" என்று கத்தினாள். அந்தச் சத்தத்தில் பொறாமை துளியும் இல்லை. தனக்கும் பின்னாலேயே வரும் என்று நம்பியிருந்தாள். ஒரு வாரம் தினமும் தபால்காரர் வருகிற நேரத்துக்குத் தலை சீவிப் பொட்டு வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு வந்தது, உங்களைத் தேர்வு செய்ய முடியாததற்கு வருந்துகிறோம் என்று இரண்டே வரி.

வீட்டில் யாருக்கும் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. "காலப் பாத்திருப்பானுங்க" என்றாள் அம்மா. அப்பா எழுந்து காட்டுக்குப் போய்விட்டார். அவள், "ஆமா, மாடியேறுறப்ப அந்த வாட்ச்மேன் பாத்துக்கிட்டே இருந்தான். அவன் போய்ச் சொல்லியிருப்பான்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீ போக்கா. நீயாச்சும் போ" என்றாள்.

நான் போயிருக்கக் கூடாது. அவளுக்கு இல்லாத வேலை எனக்கு எதற்கு என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாள் அப்படிச் சொல்லியும் பார்த்தேன். ஆனால் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்திருந்தபோது எனக்கு உள்ளே ஓர் ஆசை வந்துவிட்டது. பெங்களூர், ஹாஸ்டல், டெலிபோன். துணைக்குப் போனவள் வேலைக்குப் போனேன். பஸ்ஸில் ஏற்றிவிட அவளும் வந்தாள். பஸ் திரும்புகிறவரை கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

வேலையில் சேர்ந்து ஒன்றரை வருஷம் இருக்கும். ஒரு கோடைக்காலத்து மத்தியானம் சாப்பாட்டு அறையில் எங்கள் சூப்பர்வைசர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயதுக்கு மேலான ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. கண்டிப்பானவர், ஆனால் நல்ல மனசு. இங்கிலீஷில்தான் பேசுவார். திடீரென்று, "உன்னோடு இன்டர்வியூவுக்கு வந்தாளே ஒரு பெண், உன் தங்கையா அவள்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "என்ன ஒரு குரல்! அன்றைக்கு வந்தவர்களில் அவள்தான் முதல். அவளை எடுக்க முடியவில்லையே என்று எனக்கு இன்னும் வருத்தம்" என்றார்.

"கால் அப்படி இருந்தால் என்ன மேடம், உட்கார்ந்து செய்கிற வேலைதானே இது?" என்று கேட்டேன்.

"காலா? எந்தக் கால்?" என்றார்.

அவருக்குத் தெரியவே தெரியாது. மேலே இருந்த யாருக்கும் தெரியாது. வாட்ச்மேன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. "அவள்தான் வர முடியாது என்றாளே" என்று சொன்னார் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை டியூட்டிக்கு ஆட்சேபணை இல்லையே என்று கேட்டதற்கு எஸ் என்றாளாம், அதாவது ஆட்சேபணை உண்டு. உடனே கல்யாணம் ஆகப் போவதில்லையே என்றதற்கும் எஸ், அதாவது ஆகப் போகிறது. வீட்டை விட்டு வந்து இருப்பது கஷ்டமாக இருக்காதே என்றதற்கும் எஸ். "அதையும் எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள் தெரியுமா? பாவம், வீட்டில் வற்புறுத்தி அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டோம்."

நான் டப்பாவில் இருந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாம் ஆமாங்க என்று சொல்வது கேட்டவருடைய வாக்கியத்துக்கு. நீங்கள் சொல்வது சரி, இல்லைதான் என்று அர்த்தம். இங்கிலீஷ்காரனுக்கு அப்படி இல்லை. அங்கே இல்லை என்றால் நோதான். ஒன்றரை வருஷம் இங்கிலீஷிலேயே பேசி வயிறு வளர்த்த எனக்கு அன்றைக்குத்தான் இது உறைத்தது. அவள் திக்கித் திக்கிச் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியத்தின் பின்பாதி இருந்திருந்தால்கூட அவர்களுக்குப் புரிந்திருக்கும். அதை ஓசூருக்கு முன்னால் பஸ்ஸில் வெட்டிப் போட்டவள் நான்.

சூப்பர்வைசரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "வயது இருக்கிறதா? அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது எழுதச் சொல். நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். தங்கைக்கு அப்போது இருபத்து இரண்டு முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

அன்றைக்கே நான் ஊருக்கு எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தேன். 'உன் கால் காரணம் இல்லை' என்று எழுதினால் அடுத்த வரியில் 'நான்தான் காரணம்' என்று எழுதியாக வேண்டும். பாப்பாரப்பட்டிச் சந்தையில் என்னைப் பார்க்கிறவர்கள் இங்கிலீஷ்காரி வந்துட்டா என்று சிரிப்பார்கள், அப்பா அதைக் கேட்டுப் பூரித்துப்போவார். தங்கையே எல்லோரிடமும், "எங்கக்காதான் எனக்குச் சொல்லிக்குடுத்தா" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் கேவலமாக இருந்தது, அதான் எழுதவில்லை. வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்தேன். போனபோது சொல்லவில்லை. அடுத்த முறை ஆள் எடுத்தார்கள், அந்தத் தேதியும் போனது.

கிறிஸ்துமஸுக்குப் போனேன். அம்மா அடுப்படியில் என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். பென்னாகரத்துப் பக்கத்தில் வேலை பார்க்கிற ஒரு வாத்தியார், எங்கள் கோயிலுக்குப் பூசைக்கு வருகிறவர், தங்கையைக் கட்டிக்கொள்கிறேன் என்று அப்பாவிடம் வந்து கேட்டிருக்கிறார். அவள் பாடுவதைக் கேட்டு ஆசைப்பட்டிருக்கிறார். இவள் முடியாது என்றுவிட்டாளாம்.

நான் அவளிடம் போய், "ஏன்டி?" என்றேன்.

"பரிதாபப்பட்டுக் கட்டிக்கிறவங்க எனக்கு வேணாங்க்கா. மூஞ்சியே பாக்காத கம்பெனிக்காரன் காலைப் பத்திக் கேள்விப்பட்டதும் வேணாம்னுட்டான். இவரு தெனமும் பாக்கப் போறவரு. எத்தினி நாளைக்கு வேணும்பாரு?"

அப்போது சொல்லியிருக்கலாம். உன் காலைப் பற்றி எவனும் எதுவும் கேள்விப்படவில்லை, உன் குரலைக் கேட்டவர்கள் இன்னும் உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். கோயிலுக்குக் குடில் ஜோடிக்க நேரமாகிவிட்டது என்று எதையோ சொல்லி மூடிக்கொண்டேன். ஊர் ஊராக இணைப்புக் கொடுக்கிற வாய்க்கு என் சொந்தத் தங்கையிடம் நாலு வார்த்தை பேச வரவில்லை. அந்த வாத்தியார் நல்லவர். ஈஸ்டர் வரைக்கும் பொறுத்துப் பார்த்து, இன்னொரு தடவை ஆள் விட்டும் கேட்டார். அவள் மறுபடியும் மாட்டேன் என்றாள். வைகாசியில் எங்கள் கோயிலிலேயே அவருக்கு வேறு பெண்ணோடு கல்யாணம் நடந்தது. அந்தக் கல்யாணப் பூசைக்கும் என் தங்கைதான் பாடினாள் என்று அம்மா எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு ஹாஸ்டலில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அடுத்த வாரமே லீவு போட்டேன்.

வீட்டில் அவள் தனியாக உட்கார்ந்து விதைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். "வாக்கா! சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிற?" என்று நகர்ந்து இடம் கொடுத்தாள். நானும் உட்கார்ந்து ஒரு கை அள்ளிக்கொண்டேன். தலையை நிமிர்த்தாமல் எல்லாவற்றையும் சொன்னேன். எஸ் என்றால் என்ன அர்த்தமாகிவிட்டது என்று சொன்னேன். யாரும் காலைப் பார்க்கவில்லை என்று சொன்னேன். நான்தான் கெடுத்தேன் என்று சொன்னேன்.

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. "அடப்பாவி! மூணுக்கும் எஸ்ஸா? கல்யாணம் ஆகப்போவுதுன்னா சொன்னேன் நான்?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். "அப்ப காலு இல்லையாக்கா?" என்று கேட்டாள்.

"இல்லை."

"அவங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாது."

அவள் தன் இடது முழங்காலின் மேல் கையை வைத்து மெதுவாகத் தடவினாள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது, எல்லாம் சரியாகிவிட்டது என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு அவள் கேட்டாள்.

"உனக்கு எப்பக்கா தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். போன வாரம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். ஆனால் அன்றைக்கு நான் எதையும் மறைக்கக் கூடாது என்று வந்திருந்தேன். "போன கோடையில" என்றேன்.

அவள் கை நின்றது. ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி தரையைப் பார்த்தாள். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். வாத்தியார் வந்து பெண் கேட்டது மார்கழியில்.

"ஓ" என்றாள். மறுபடி உரிக்க ஆரம்பித்தாள். தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம் என்று கை பாட்டுக்கு வேலை செய்தது. என்னைத் திட்டு, அடி, ஏதாவது பேசு என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "வுடுக்கா, கல்லக்கா செதறுது" என்றாள். அந்த வேலைக்கான வயதும் தாண்டிவிட்டது, அதை நாங்கள் இருவரும் பேசவில்லை. சாயங்காலம் வரைக்கும் ஒரு மூட்டைக் கடலை உரித்தோம்.

மறுநாள் காலையில் நான் புறப்பட வேண்டும். பையில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் டம்ளரில் காபியோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"காபி ஆறிடும், குடிங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு, சீக்கிரம் கெளம்புங்க" என்றாள்.

யாரிடம் பேசுகிறாள் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அறையில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. அம்மா அடுப்படியிலிருந்து அதைக் கேட்டுவிட்டு, "இப்பத்தான் அக்காளுக்கு மரியாதை குடுக்கத் தெரிஞ்சிருக்கு இவளுக்கு" என்று சந்தோஷமாகச் சொன்னாள். தங்கை டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, முழங்காலில் கையை ஊன்றி மெதுவாக உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு அவள் என்மேல் கோபப்பட்டதே இல்லை. நான் எப்போது போனாலும் எழுந்து வந்து வாங்க என்று சொல்வாள், சாப்பிடுங்க என்று இலை போடுவாள், போய்ட்டு வாங்க என்று பஸ் வரைக்கும் வருவாள். இன்றுவரை அந்த 'ங்க'வை அவள் ஒரு தடவைகூட மறந்ததில்லை.